கணக்குப் பயம் போக ஒரு தடைக்காலக் கேள்வி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பன், மண்டபம் பக்கம் இது தெரியாத பிள்ளையே இல்லை. கணக்கு என்றாலே முகம் வாடும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: "தடைக்காலம் மொத்தம் எத்தனை நாள்?"

பெரும்பாலும் 60 என்றுதான் பதில் வரும். உடனே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். "எப்படி எண்ணினாய்?" என்று மட்டும் கேளுங்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு பிள்ளை இரண்டு மாதத்தை முப்பதால் பெருக்கியிருக்கும். இன்னொன்று ஏப்ரலுக்கு 30-இல் 15 போக 15, மே 31, ஜூன் 14 என்று கூட்டியிருக்கும். இரண்டுமே யோசித்துச் சொன்ன பதில்கள், அதை வாய்விட்டுப் பாராட்டுங்கள்.

அப்புறம் காலண்டரைக் கையில் கொடுத்து ஒவ்வொரு நாளாகத் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். 15ஆம் தேதியும் சேர்த்தி, அதனால் ஏப்ரலில் 16 நாள், மொத்தம் 61 என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது முகத்தில் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, நாம் விடையைச் சொல்லியிருந்தால் அது வந்திருக்காது!

படகு கரைக்கு வரும் நாட்களில் மீன் கூடையைக் காட்டி எடையை ஊகிக்கச் சொல்லலாம். பிறகு தராசில் வைத்துப் பாருங்கள். முந்தின நாளைவிட ஊகம் எத்தனை கிலோ நெருங்கி வந்தது என்று பிள்ளையே நோட்டில் குறித்து வைக்கட்டும். அக்கா, தம்பியோடு ஒப்பிட மட்டும் வேண்டாம்.