கரைந்த ஆக்சிஜன் அளவீடு: ஆறு குழு, ஆறு விடை

ஆய்வக வகுப்பில் எல்லாருக்கும் ஒரே வாளித் தண்ணீர்தான், ஆனாலும் வின்க்லர் முறையில் (கரைந்த ஆக்சிஜனுக்கு ஈடான அயோடினை வெளிவிட்டு அதை அளக்கும் வேதிமுறை) ஒவ்வொரு மாணவர் குழுவுக்கும் ஒரு விடை. பிழை டைட்ரேஷனில் (கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளப்பதில்) இல்லை, பாட்டிலை நிரப்பியதில் இருந்தது. சளசளவென்று ஊற்றினால் காற்று கலந்து அளவு ஏறிவிடும். இப்போது ரப்பர் குழாயை 300 மி.லி. பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) பாட்டிலின் அடிவரை விட்டு, தண்ணீரை வழியவிடச் சொல்கிறேன். மூடியபின் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கடுகளவு குமிழி தெரிந்தாலும் மறுபடி நிரப்ப வேண்டியதுதான்.

ஆக்சிஜனைப் பிடித்து வைக்க மாங்கனீஸ் சல்பேட், கார அயோடைடு-அசைடு கரைசல்கள் தலா 1 மி.லி. பாட்டிலில் சேர்வதால், டைட்ரேஷனுக்கு 201 மி.லி. எடுத்தால்தான் 200 மி.லி. அசல் மாதிரி. அதில் சொட்டுவிடும் 0.025 நார்மல் (செறிவின் அலகு) தயோசல்பேட் 1 மி.லி. செலவானால் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். கரைசலுக்கு வெளிர் வைக்கோல் நிறம் வந்தபிறகே, முடிவைக் காட்டும் ஸ்டார்ச்சைச் சேர்க்க வேண்டும்.

முதல் வகுப்புக்கு நன்கு காற்றூட்டிய வாலை வடிநீரே போதும்: 25 டிகிரி செல்சியஸில், கடல் மட்டத்தில், லிட்டருக்கு 8.3 மி.கி. வர வேண்டும்.