'டிஸ்அப்ரூவ்' எழுதினால் பக்கத்தில் 'ஆஃப்' இருக்கிறதா, பாருங்கள்

ஒரு செயல் பிடிக்கவில்லை, சரியென்று படவில்லை என்று ஆங்கிலத்தில் எழுத 'டிஸ்அப்ரூவ்' போட்டால், கையோடு 'ஆஃப்' (of) சேர்த்துவிடுங்கள். 'ஷி டிஸ்அப்ரூவ்ஸ் ஆஃப் ஸ்மோக்கிங்' என்றால் புகைபிடிப்பதைக் கண்டால் அவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். தடை போட்டார் என்று ஆகாது. 'ஆஃப்' விட்டுப்போனால், அதிகாரத்தில் இருப்பவர் அனுமதி மறுத்த மாதிரி அர்த்தம் மாறிவிடும். 'அப்ரூவ்' கதையும் இதேதான்: 'அப்ரூவ்ட் தி பிளான்' என்றால் கையெழுத்தே போட்டாயிற்று, 'அப்ரூவ்ட் ஆஃப் தி பிளான்' என்றால் மனசுக்குப் பிடித்திருந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி எழுதும்போது இந்த வித்தியாசம் கொஞ்சம் முக்கியம்!

எது பிடிக்கவில்லை என்று சொல்லாமல் 'ஹிஸ் பேரண்ட்ஸ் டிஸ்அப்ரூவ்' என்று நிறுத்தினால் 'ஆஃப்' வேண்டாம். லீவு லெட்டர், லோன் விண்ணப்பம் திரும்பி வந்ததைச் சொல்ல இந்தச் சொல்லே தேவையில்லை. 'ரிஜெக்டட்' அல்லது 'நாட் அப்ரூவ்ட்' போதும். அப்புறம், ஒரு தாக்குதலையோ கொலையையோ கண்டித்து எழுதும்போது 'டிஸ்அப்ரூவ்' ரொம்ப மென்மையாக ஒலிக்கும். அங்கே 'கண்டெம்' போடுங்கள், அதற்கு 'ஆஃப்' கிடையாது.