சின்ன வாயனசாலையில் கதை, அறிவியல், சுயமுன்னேற்றம்: எதை வாங்குவது, எங்கே வைப்பது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லையை ஒட்டி இருக்கும் தமிழ் ஊர் ஒன்றில் வாயனசாலையின், அதாவது ஊர் நூலகத்தின், புத்தகப் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செயலாளர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கிராண்ட் பணம் கொஞ்சம் இருக்கிறது, ரேக்கில் பாதி மலையாளம், பாதி தமிழ், அந்தத் தமிழ்ப் பாதியிலும் நிறையப் புத்தகங்களுக்கு அட்டை இல்லை. இந்தக் குறிப்பு அந்த நிலைமையில் நிற்பவருக்குத்தான். மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கம் இருப்பவர்களுக்கும், நகரி, புத்தூர் பக்கம் தெலுங்கு ரேக்கோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும், மொழியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வாங்கக் கிளம்பும் முன் இஷ்யூ ரெஜிஸ்டரை எடுத்து உட்காருங்கள். எந்தப் புத்தகம் அதிகம் போனது என்று எண்ணுவதைவிட, ஒரே மெம்பர் நம்பரைப் பிடித்துக்கொண்டு, அவர் எதற்கு அப்புறம் எதை எடுத்தார் என்று பாருங்கள். கடன் தீர்க்கும் வழி சொல்லும் புத்தகத்தை எடுத்தவர் அடுத்து சர்க்கரை வியாதி பற்றி ஒன்று எடுத்திருப்பார், அதற்கடுத்து ஒரு துப்பறியும் நாவல், அதற்குப் பிறகு ஆறு மாதம் ஆளே வந்திருக்க மாட்டார். ஏன் வரவில்லை என்பது பெரும்பாலும் ரேக்கைப் பார்த்தாலே தெரியும்: அவர் எடுத்த மாதிரி இன்னொன்று அங்கே இருக்காது. கதை, அறிவியல், சுயமுன்னேற்றம் என்று மூன்று தலைப்பு போட்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துவிட்டால் நல்ல நூலகம் ஆகிவிடும் என்று கமிட்டியில் சொல்வார்கள். அந்தத் தலைப்புகள் கடைக்காரருக்கு வசதி, அவ்வளவுதான். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு ஆள் நடந்து போக வழி இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? கையில் 10,000 ரூபாய் இருந்தால் நான் 5,000 ரூபாய்க்குக் கதை வாங்குவேன், 3,500-க்கு அறிவியல், மீதிக்குச் சுயமுன்னேற்றம். கடைசி வகைக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பீர்கள். அதற்குக் கேட்பவர்கள் நிறையப் பேர்தான், ஆனால் அந்த வகையில் பத்துப் புத்தகங்களில் ஏழு ஒரே விஷயத்தை அட்டையை மாற்றிச் சொல்கின்றன. போதாததற்கு பிறந்தநாள், கல்யாணம், பள்ளிப் பரிசு என்று வந்து, படிக்காமல் வீட்டில் கிடந்து, கடைசியில் அன்பளிப்பாக வாயனசாலைக்கே வந்து சேருகிறவையும் அவைதான். அன்பளிப்பை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாங்கிப் பிரித்துப் பாருங்கள்.

பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. சில கதைகள் இந்தப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, மனிதன் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்பது. பொய். தூங்கும்போதுகூட மூளை முழுக்க வேலை செய்கிறது. இரண்டாவது, 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பது. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதினார். அதில் இருந்த ‘குறைந்தது’ நாளடைவில் உதிர்ந்து, 21 மட்டும் நின்றுவிட்டது. லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி, 2010-ல் அச்சில் வந்த ஆய்வில் ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. மூன்றாவது, 1953-ல் யேல் பல்கலைக்கழகத்தில் லட்சியத்தை எழுதி வைத்த 3 சதவீத மாணவர்கள் பிற்காலத்தில் மற்ற எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்தார்கள் என்கிற கதை. அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை.

இந்த மூன்றில் ஒன்று வந்துவிட்டது என்பதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மற்ற பக்கங்கள் நன்றாக இருக்கலாம். முதல் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி, இன்ன பக்கத்தில் உள்ள கணக்கை நம்ப வேண்டாம் என்று எழுதி வையுங்கள். மூன்றும் வந்திருந்தால், எழுதியவர் எதையுமே சரிபார்க்காமல் எழுதுகிற ஆள் என்று அர்த்தம், அதை ரேக்கில் ஏற்றாதீர்கள். எதை வாங்கலாம் என்று கேட்டால், ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லித்தருகிற புத்தகங்கள்: வங்கிக் கடன் விண்ணப்பம் எழுதுவது, மேடையில் பேசுவது, வீட்டு வரவு செலவு எழுதுவது, தேர்வுக்கு நேரம் பிரித்துப் படிப்பது. பி.எஸ்.சி. எனும் அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் எந்த ஊர் வாயனசாலையிலும் மேஜையைப் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது உத்வேகம் இல்லை, போன மூன்று வருஷத்துக் கேள்வித்தாள்.

அறிவியல் ரேக்தான் எல்லா ஊரிலும் தூசி பிடித்துக் கிடக்கும். மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ரேக்கில் இருக்கும் புத்தகங்களின் பதிப்பு வருஷத்தைப் பாருங்கள், காரணம் விளங்கும். புளூட்டோ கிரகப் பட்டியலில் இருந்து 2006-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. தனிம அட்டவணையின் ஏழாவது வரிசை 118 தனிமங்களோடு நிரம்பி, கடைசியாகச் சேர்ந்த நான்குக்கும் 2016-ல் பெயர் வைத்தாயிற்று. சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கிய செய்தியை டிவியில் நேரலையாகப் பார்த்த குழந்தை, ஒன்பது கிரகம் என்று சொல்லும் புத்தகத்தை எடுத்தால் நம்மை ஏன் மதிக்கப்போகிறது? விண்வெளி, கம்ப்யூட்டர், மருத்துவம் இந்த மூன்றிலும் பத்து வருஷத்துக்கு மேல் பழையதை முன் வரிசையில் வைக்காதீர்கள். கணிதம், பறவைகள், மரங்கள், விஞ்ஞானிகளின் வாழ்க்கை இவற்றில் பழையது கெட்டுப்போவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முதலுதவி, பாம்புக்கடி பற்றிப் பேசும் எந்தப் புத்தகத்தையும் வரிவரியாகப் படித்த பிறகே உள்ளே விடுங்கள். நம் பக்கம் தென்னந்தோப்பும் வயலும்தான், இது படித்துவிட்டு மூடிவைக்கிற தகவல் இல்லை. கடிவாயைக் கீறு, வாயால் உறிஞ்சு, இறுக்கிக் கட்டு என்று சொல்லும் பழைய புத்தகங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மூன்றுமே ஆபத்து. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, ஆளைப் பதறவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் செய்ய வேண்டியது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத்தான் இங்கே விஷமுறிவு மருந்து தயாராகிறது, அது இருக்குமிடம் மருத்துவமனை. தப்பாகச் சொல்லும் புத்தகத்தை யாருக்கும் தானமாகக்கூடக் கொடுக்காதீர்கள், பழைய பேப்பர் கடைக்குப் போடும்போதும் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

எங்கே வாங்குவது? நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் மலையாளத்திலும் மலிவு விலையில் அறிவியல் போடுகிறது. சிறுவர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள், கூடவே கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் ‘யுரேகா’வையும் போடுங்கள். பரிஷத் 1962-ல் தொடங்கியது, சின்னக் குழந்தைக்கு அறிவியலை அலுப்பில்லாமல் சொல்வதில் அவர்களுக்குப் பல வருஷக் கைப்பழக்கம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இரண்டு எழுத்தும் தெரியும், இது மற்ற ஊர் நூலகங்களுக்குக் கிடைக்காத வசதி. ஜில்லா லைப்ரரி கவுன்சில் நடத்தும் புத்தகத் திருவிழாவில் பெரும்பாலும் மலையாளம்தான் கிடைக்கும், தமிழுக்குப் பொள்ளாச்சியோ கோயம்புத்தூரோ போக வேண்டும். கோவைப் புத்தகத் திருவிழா நடக்கும் சமயம் போய், வாயனசாலையின் முத்திரையோடு கடிதம் ஒன்றை நீட்டி, லைப்ரரிக்கு எவ்வளவு கழிவு என்று கேளுங்கள். கேட்காமல் கிடைக்காது. பில்லை வாயனசாலைப் பெயரில் வாங்க மறக்காதீர்கள், கிராண்ட் கணக்கு பார்க்கிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கதைக்கு வருவோம். இதில் ரசனை பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். மாத நாவல், துப்பறியும் கதை, பேய்க்கதை, குடும்பக்கதை எல்லாம் இருக்கட்டும். அதை எடுக்க வருகிறவர்தான் வருஷம் முழுக்க வருகிறவர், அவர் சந்தாவில்தான் கரண்ட் பில் கட்டுகிறோம். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். பல பாகம் உள்ள நாவல் என்றால் எல்லாப் பாகமும் வாங்குங்கள், இல்லையென்றால் ஒன்றுமே வாங்காதீர்கள். மூன்றாம் பாகம் இல்லாத ரேக்கைப் போல வாசகரை வெறுப்பேற்றுவது வேறெதுவும் இல்லை. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், பெயர் போடாத மொழிபெயர்ப்பை ஒரு பக்கம் படிக்காமல் எடுக்காதீர்கள்.

நம் ஊருக்கே உள்ள தலைவலி, மலையாள நாவலின் தமிழாக்கத்தை எங்கே வைப்பது என்பது. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கும் டூயி எண்முறைப்படி தமிழ் இலக்கியம் 894.811, மலையாளம் 894.812, மொழிபெயர்ப்பு மூல மொழியின் எண்ணுக்குத்தான் போகும். கணக்குப்படி பார்த்தால், பாலக்காட்டுத் தஸ்ராக் கிராமத்தை வைத்து ஓ.வி. விஜயன் எழுதிய நாவல் தமிழில் வந்திருந்தாலும் மலையாள ரேக்கில்தான் உட்கார வேண்டும். அங்கே தமிழ் வாசகர் தேடப்போவதில்லை. ஆகவே முதுகில் சரியான எண்ணை எழுதுங்கள், ரெஜிஸ்டரிலும் அப்படியே ஏற்றுங்கள், புத்தகத்தை மட்டும் தமிழ் ரேக்கில் வைத்து, முதுகில் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டுங்கள். பொட்டு வைத்ததெல்லாம் பக்கத்து மொழியிலிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் போதும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. யாராவது வந்து எண் வரிசை தப்பு என்றால் ரங்கநாதன் பெயரைச் சொல்லிச் சமாளிக்கலாம்.

அதே டூயியில் சுயமுன்னேற்றம் என்று ஒரே இடமும் கிடையாது. மன உறுதி, தன்னம்பிக்கை எல்லாம் 158, சொந்தப் பணம் 332.024, உடல்நலம் 613, குழந்தை வளர்ப்பு 649, மேடைப்பேச்சு 808.5. இதை நான் சிக்கலாகப் பார்ப்பதில்லை, நமக்கு உதவியாகவே பார்க்கிறேன். தூக்கம் வரவில்லை என்று புத்தகம் தேடி வருகிறவர் 613-க்குப் போனால், பக்கத்திலேயே 612-ல் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் புத்தகம் இருக்கும். எல்லாச் சுயமுன்னேற்றத்தையும் வாசலருகே ஒரே ரேக்கில் குவித்தால் ஆள் வாசலோடு திரும்பிவிடுவார்.

கதையை இதோடு இணைக்க எண் உதவாது, அதற்கு ஒரு மேஜை போடுங்கள். மாதம் ஒரு விஷயம், பத்துப் பன்னிரண்டு புத்தகம், எல்லாவற்றையும் அட்டை தெரிகிற மாதிரி நிற்க வையுங்கள். ‘தண்ணீர்’ என்று எடுத்தால் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் பற்றிய கட்டுரை, மழை எப்படிப் பெய்கிறது என்ற சிறுவர் நூல், சொட்டுநீர்ப் பாசனக் கையேடு, வறண்ட ஊரைப் பற்றிய நாவல் ஒன்று. ‘பறவை’ என்றால் மலை இருவாட்சி அட்டையில் இருக்கும் கையேடு, நெல்லியாம்பதி போகிறவர்கள் கட்டாயம் எடுப்பார்கள், அதுதான் கேரளத்தின் மாநிலப் பறவையும்கூட. ‘கடன்’ என்று ஒரு மாதம் வையுங்கள், வட்டிக் கணக்கு சொல்லும் புத்தகமும் வட்டிக்கு விட்டவனைப் பற்றிய சிறுகதையும் ஒன்றாகப் போவதைப் பார்ப்பீர்கள். ஜூன் 19 வாசிப்பு தினத்துக்கு எப்படியும் விழா எடுப்பார்கள், 1945-ல் 47 வாயனசாலைகளைச் சேர்த்து கிரந்தசாலை (நூலக) சங்கத்தைத் தொடங்கிய பி.என். பணிக்கரின் நினைவுநாள் அது. அன்றைக்கு முதல் மேஜையைத் தொடங்கினால் கமிட்டியும் மறுப்புச் சொல்லாது.

மழைக்காலத்தில் ரேக்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், கடைசித் தட்டைக் காலியாக விடுங்கள். கரையான் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கழிக்கும் வேலையை வருஷத்துக்கு ஒரு முறை செய்யலாம். பின் அட்டையில் இருக்கும் தேதிச் சீட்டில் மூன்று வருஷமாக முத்திரை இல்லையென்றால் முதலில் மேஜைக்குக் கொண்டுவந்து ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அப்போதும் போகவில்லை என்றால் அடுத்த ஊர்த் தமிழ் வாயனசாலையோடு மாற்றிக்கொள்ளுங்கள், இங்கே கிடப்பது அங்கே போகும். ரெஜிஸ்டரில் காரணம் எழுதி, கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் போட்ட பிறகுதான் புத்தகம் வெளியே போக வேண்டும்.

கடைசியாக, வாசலில் ஒரு நோட்டும் நூலில் கட்டிய பேனாவும் வையுங்கள், என்ன புத்தகம் வேண்டும் என்று அவரவர் எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் ‘பம்பு செட் ரிப்பேர் பற்றி ஏதாவது’ என்று எழுதினாலும் போதும் என்று மேலே எழுதி ஒட்டுங்கள், இல்லையென்றால் படித்தவர்கள் மட்டும்தான் எழுதுவார்கள். பேனா காணாமல் போகும், இன்னொன்று கட்டுங்கள். கேட்டதை வாங்கி வந்தால், நம்பர் போட்டு ரேக்கில் வைக்கும் முன் கேட்டவருக்குப் போன் அடித்து, வந்துவிட்டது, முதலில் உங்களுக்குத்தான் என்று சொல்லுங்கள்.