தலைக்கு மேலே வட்டமிடுவது கழுகா, பருந்தா? குமரி மாவட்டத்தில் பார்ப்பவர்களுக்கு

முட்டத்திலோ குளச்சலிலோ மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் ஒரு கூட்டமே சுற்றிக்கொண்டிருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கழுகு என்று கைநீட்டிப் படம் பிடிப்பார்கள். பெரும்பாலும் அவை எல்லாமே பருந்துகள். கழுகு பார்க்க வேண்டுமென்றால் மலைப்பக்கம் போக வேண்டும், இல்லையென்றால் கடலோரத்தில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

நான் கடியப்பட்டணத்தில் பிறந்தவள். நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளைத் தேரூர் குளத்துக்குக் கூட்டிப்போவேன். அவர்கள் கேட்கிற கேள்விகளைத்தான் பெற்றோரும் கேட்கிறார்கள், பேருந்தில் பக்கத்தில் இருக்கிறவர்களும் கேட்கிறார்கள். அதனால் நான் சொல்லிக்கொடுக்கிற வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் வாலைப் பாருங்கள்

கரையில் தினமும் பார்ப்பது இரண்டு இனம். ஒன்று செம்பருந்து. ஊரில் கருடன் என்போம்; விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசுகிற வீடுகளில் கிருஷ்ணப்பருந்து. தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்காவி, சிறகு நுனி மட்டும் கருப்பு. இன்னொன்று கரும்பருந்து. நாஞ்சில் நாட்டுப் பேச்சில் பிராந்து என்றாலே போதும். உடம்பு முழுக்க மங்கிய பழுப்பு.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். செம்பருந்தின் இளம்பறவை முதல் வருடம் பழுப்பாகவேதான் இருக்கும். அந்த வெள்ளைத் தலையும் காவி உடம்பும் முழுதாக வர இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை பார்க்கிறவர்கள் எல்லாம் அதைப் பிராந்து என்றே சொல்வார்கள். வால் மட்டும் மாறாது. வால் நுனி வளைந்து வட்டமாக இருந்தால் செம்பருந்து. அயிலை மீனின் வால் மாதிரி நடுவில் பிளந்திருந்தால் கரும்பருந்து. அது வாலை விரித்துத் திரும்பும்போது பிளவு மறைந்துவிடும். அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். நேராகப் பறக்கும்போது மறுபடியும் தெரியும்.

வாலுக்கு அடுத்து, சிறகை எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். குளத்துக் கோரைக்கு மேலே தாழ்வாக, சிறகை லேசாக மேலே தூக்கி, இப்படியும் அப்படியும் சாய்ந்து போனால் அது குளிர்காலத்துக்கு வந்திருக்கிற சேற்றுப் பூனைப்பருந்து. தண்ணீருக்கு மேலே நின்ற இடத்தில் சிறகடித்து, கால் இரண்டையும் முன்னே நீட்டித் தொபுக்கென்று விழுந்தால் விராலடிப்பான். அதன் வெளிவிரல் பின்பக்கமும் திரும்பும்; பாதத்தில் முள் முள்ளாக இருக்கும். வழுக்குகிற மீனை முன்னே இரண்டு, பின்னே இரண்டு விரலால் பிடித்து, தலை முன்னால் இருக்கும்படி திருப்பி வைத்துக்கொண்டு பறக்கும். செம்பருந்து அப்படி முங்காது. தாழப் பறந்து வந்து, காலால் மட்டும் தண்ணீர்ப் பரப்பிலிருந்து ஒரு சாளையை அள்ளும். இறகு நனையாது. பல நேரம் மரத்துக்குக்கூடப் போகாமல், காலை முன்னே கொண்டுவந்து, தலையைக் குனிந்து, பறந்தபடியே கொத்தித் தின்னும். தொலைநோக்கியில் அதைப் பார்த்த பிள்ளைகள் அன்றைக்கு வேறெதுவும் பேசமாட்டார்கள்.

கழுகுக்கு வருவோம். பருந்தும் கழுகும் ஒரே குடும்பம்தான். கழுகுகள் பொதுவாகப் பெரியவை, கனத்தவை. அலகும் நகமும் வலுவானவை. நம் மாவட்டத்தில் பார்க்க எளிதானது கொண்டைப் பாம்புக் கழுகு. பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டமும் காடும் சேருகிற இடங்களில் காலை வெயில் ஏறிய பிறகு மேலிருந்து நீளமான விசில் சத்தம் கேட்கும். அண்ணாந்து பாருங்கள். அகலமான சிறகின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை, வாலில் ஒரு வெள்ளைப் பட்டை. உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் மஞ்சள் தோல் பளிச்சென்று தெரியும். உடம்பெல்லாம் கருப்பாக, கால் மட்டும் மஞ்சளாக, மரங்களின் தலையை உரசுகிற மாதிரி மெதுவாகப் போனால் அது கருங்கழுகு. மற்றப் பறவைகளின் கூட்டைத் தேடித்தான் அப்படி மெதுவாகப் போகிறது.

கடலோரத்தில் எப்போதாவது வெண்வயிற்றுக் கடற்கழுகு கண்ணில் படும். சிறகை விரித்தால் இரண்டு மீட்டர் இருக்கும். வெள்ளை வயிறு, சாம்பல் முதுகு, குட்டையான ஆப்பு வடிவ வால். மீனோடு கடல்பாம்பையும் தூக்கும். பக்கத்தில் செம்பருந்து பறந்தால் இதன் அளவு சட்டென்று புரியும்.

எங்கே, எப்போது

காலை எட்டு மணிக்கு முன்னால் போய் வானத்தைப் பார்த்துப் பயனில்லை. தரை சூடாகி வெப்பக்காற்று மேலே எழுந்த பிறகுதான் இவை வட்டமிட ஆரம்பிக்கும். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். குளங்களுக்கு மட்டும் விடியலிலேயே போகலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசை வருபவையும் சேர்ந்திருக்கும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தவை. மணக்குடிக் காயலையும் விட்டுவிடாதீர்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரணத் தொலைநோக்கி போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். கூடு தெரிந்தால் அடியில் போய் நிற்காதீர்கள். செம்பருந்து நம் பக்கம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை தென்னையிலும் மாவிலும் கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டை இடும்.

பிள்ளைகள் கேட்பவை

“டீச்சர், பிராந்து சின்னப்பிள்ளையைத் தூக்குமா?” தூக்காது. கழுகானாலும் தன் உடம்பில் பாதி எடையைத் தூக்கிப் பறப்பதே பெரும்பாடு. செம்பருந்து மொத்தமே அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கோழிக்குஞ்சு போகும், உண்மை. குஞ்சுகளை முதல் சில வாரம் கூடையில் கவிழ்த்து வைத்தால் தீர்ந்தது. கல்லெறிய வேண்டியதில்லை.

ஆண் பெரிதா, பெண் பெரிதா? பெண்தான். இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லா இனத்திலும் அப்படி.

கண் எவ்வளவு கூர்மை? எட்டு மடங்கு, பத்து மடங்கு என்றெல்லாம் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஆப்புவால் கழுகில் சோதித்துப் பார்த்தது மனிதக் கண்ணைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அதுவே பெரிய விஷயம். நம் கண்ணில் கூர்மையாகப் பார்க்கும் குழி ஒன்று. அவற்றுக்கு ஒரு கண்ணுக்கு இரண்டு. ஒன்று முன்னே பார்க்க, ஒன்று பக்கவாட்டில் பார்க்க.

பாம்பின் விஷம் ஏறாதா? விஷம் ரத்தத்தில் கலந்தால் ஆபத்துதான். வயிற்றுக்குள் போனால் அதுவும் ஒரு புரதம், செரித்துவிடும். கடிபடாமல் இருக்கப் பாம்புக் கழுகின் காலில் தடித்த செதில் உண்டு, விரல் குட்டையாக, வலுவாக இருக்கும். தலையை முதலில் நசுக்கிவிடும்.

நாற்பது வயதில் அலகை உடைக்கிற கதை

என்னிடம் அதிகமாக வருகிற கேள்வி இதுதான். கழுகு எழுபது வயது வாழும். நாற்பதாவது வயதில் மலையுச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைக்கும், நகத்தைப் பிடுங்கும், ஐந்து மாதம் பட்டினி கிடந்து புதுப்பிறவி எடுக்கும். வாட்ஸாப்பில் வருகிறது, பள்ளி ஆண்டு விழா மேடையில் சொல்கிறார்கள், தியானக் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். ஒரு வரிகூட உண்மையில்லை.

அலகும் நகமும் நம் நகம்போலக் கெரட்டினால் ஆனவை. அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும், எலும்பிலும் மரக்கிளையிலும் தேய்ந்துகொண்டே இருக்கும். உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு. அலகு உடைந்த கழுகு இரையைக் கிழிக்க முடியாமல் செத்துப்போகும். வயதும் அப்படித்தான்: அமெரிக்காவில் 1977-ல் காலில் அடையாள வளையம் மாட்டிய ஒரு வெண்தலைக் கழுகு 2015-ல் வண்டியில் அடிபட்டு இறந்தபோது வயது 38. காட்டில் வாழ்ந்த அந்த இனப் பறவைகளில் பதிவான மிக நீண்ட ஆயுள் அது.

பிள்ளைகளுக்கு ஊக்கம் தர ஒரு கதை வேண்டும் என்று சக ஆசிரியர்கள் வருத்தப்படுகிறார்கள். இறகு உதிர்வதைச் சொல்லுங்கள் என்பேன். பழைய இறகு ஒவ்வொன்றாக, இரண்டு சிறகிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் விழுந்து புதியது முளைக்கும். ஒருநாள்கூடப் பறப்பதை நிறுத்தாமல், வேட்டையை நிறுத்தாமல், பறவை தன் இறகு முழுவதையும் மாற்றிக்கொள்கிறது. மார்ச், ஏப்ரலுக்குப் பிறகு வட்டமிடும் பருந்தின் சிறகைக் கவனித்தால் நடுவில் ஓர் இறகு இல்லாத இடைவெளியை நீங்களே காட்டலாம். பைபிளில் திருப்பாடல் 103-ல் கழுகின் இளமை புதிதாவதாக வருகிற வரிக்கு இந்தப் பறவையே போதும்.

கழுகு புயல்மேகத்துக்கு மேலே பறக்கும் என்பதும் மேடைப் பேச்சுதான். ஆனி ஆடி மழையில் தென்னை மட்டையில் நனைந்து உட்கார்ந்திருக்கும் செம்பருந்தை நம் ஊரில் யாரும் பார்க்கலாம். மழை விட்டதும் சிறகை விரித்துக் காயவைக்கும்.

கருடனும் யோவானும்

இந்த மாவட்டத்தில் இரண்டு வைணவத் திவ்யதேசங்கள் உண்டு, திருவட்டாறும் திருப்பதிசாரமும். 2022 ஜூலையில் திருவட்டாற்றில் கும்பாபிஷேகம் நடந்தது. எந்தக் கும்பாபிஷேகத்திலும் கலசத்தில் நீர் ஊற்றும்போது ஜனங்கள் வானத்தில் கருடனைத் தேடுவார்கள். அப்போது வருவது செம்பருந்து. திருவட்டாற்றை ஆறு சுற்றி ஓடுகிறது. மீனும் நண்டும் உயர்ந்த மரமும் இருக்கிற இடம், ஆண்டு முழுக்க அங்கே வாழ்கிற பறவை அது. இதைச் சொல்வதால் கும்பிடுகிறவர்களின் பக்தி குறைவதை நான் பார்த்ததில்லை. குளத்தைத் தூர்க்காமல், மரத்தை வெட்டாமல் வைத்திருந்தால்தான் கருடன் வரும் என்று சொன்னால் அவர்கள்தான் முதலில் தலையாட்டுகிறார்கள்.

நாகர்கோவில் நாகராஜா கோயிலில் வேறு மாதிரி. பெருமாள் கொடிமரத்தில் வழக்கமாக இருக்கும் கருடன் அங்கே இல்லை, ஆமை இருக்கிறது. பாம்புக்கும் கருடனுக்கும் ஆகாது என்பது காரணம். பாம்பு தின்னும் பறவையைக் கண்ணால் பார்த்தவர்கள் வைத்த வழக்கம் என்றே எனக்குத் தோன்றும்.

எங்கள் கடற்கரைக் கிறிஸ்தவக் கோயில்களில், இயேசுவின் வாழ்க்கையை எழுதிய நற்செய்தியாளர் நால்வர் உருவங்களில் யோவான் பக்கத்தில் கழுகு இருக்கும். மத்தேயுவுக்கு மனிதர், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை. சடாயுவைப் பார்க்க கேரளத்தின் சடையமங்கலம் போகலாம்; 2018-ல் திறந்த சிற்பம், 200 அடி நீளம். சடாயுவைப் பிணந்தின்னிக் கழுகாகத்தான் பெரும்பாலும் வரைகிறார்கள். தமிழ்நாட்டில் அவை இப்போது முக்கியமாக நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைக்கு அதைத் தருவதை 2006-ல் தடை செய்தார்கள்.

அடிபட்டுக் கிடந்தால்

டிரான்ஸ்பார்மரில் அடிபட்டோ, தங்கூஸ் நரம்பில் (நைலான் தூண்டில் நூல்) சிக்கியோ விழுந்த பறவையைக் கண்டால் முதலில் கூட்டத்தை விலக்குங்கள். ஒரு துவர்த்தை (துண்டை) தலை மூடும்படி மேலே போடுங்கள், இருட்டானதும் அடங்கிவிடும். பயப்பட வேண்டியது அலகுக்கு இல்லை, நகத்துக்கு. இரண்டு காலையும் பாதத்துக்கு மேலே சேர்த்துப் பிடித்து, துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், சோறோ பாலோ வைக்காதீர்கள். தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் நரம்பை இழுக்கக் கூடாது. ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். உடனே நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்துக்கோ பக்கத்து வனச்சரகத்துக்கோ சொல்லுங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்து வளர்க்க முடியாது, நல்லெண்ணத்தோடு வைத்திருந்தாலும் குற்றம்தான்.

காற்றில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு அடிபடாமல் இருந்தால் ஒரு பழைய கூடையில் காய்ந்த சருகு போட்டு, அதே மரத்தில் எட்டுகிற உயரத்துக்கு மேலே கட்டி வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. தள்ளி நின்று சாயங்காலம் வரை பாருங்கள். பெற்றவை வரவில்லை என்றால் மட்டும் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.