பழைய மதர்போர்டிலிருந்து பிராசஸரைக் கழற்றலாமா?

பிராசஸரைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். 286 முதல் 486 வரையிலான (இன்டெல் பிராசஸர் தலைமுறைகளின் பெயர்கள் இவை) பல போர்டுகளில் கீபோர்டு கனெக்டர் பக்கம் பீப்பாய் வடிவில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று பற்றவைத்திருக்கும். கசிந்தால் அதிலிருந்து வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பச்சையும் நீலமுமாகப் பூத்து, செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். பேட்டரியின் கால்களை கட்டரால் வெட்டியெடுங்கள். வெள்ளை வினிகர் தொட்ட பிரஷால் தேய்த்துத் தண்ணீரில் கழுவி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கையுறை கட்டாயம்.

இனி பிராசஸர். சாக்கெட்டில் இருந்தால் தேவைப்படும்போது கழற்றலாம். போர்டிலேயே ஈயத்தால் பற்றவைத்திருந்தால், போர்டு இனி எழாது என்று உறுதியாகும்வரை விட்டுவிடுங்கள். அலமாரியில் வைத்து அழகு பார்க்க மட்டும் என்றால் இரண்டையுமே கழற்ற வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. சிப்பின் மேல் 8342 என்று இருந்தால் 1983ஆம் ஆண்டின் 42ஆவது வாரத்தில் வந்தது என்று பொருள். சுற்றியுள்ள சிப்களின் தேதியும் அதையொட்டி இருந்தால், இந்தப் பிராசஸர் இந்தப் போர்டோடே பிறந்தது என்று ஓரளவு நம்பலாம். பிரித்துவிட்டால் அந்தச் சாட்சியம் போச்சு.

1981இல் வந்த ஐபிஎம் 5150, அதாவது ஐபிஎம்மின் முதல் பிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 40 கால் 8088 பிராசஸர் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில், கணக்குகளை வேகமாகப் போடும் துணைச் சிப்பான 8087க்கான காலி சாக்கெட். 1978 என்று மட்டும் பொறித்த தொடக்ககால 8088களில் ஒரு பிழை உண்டு. தற்காலிகத் தரவை அடுக்கும் நினைவகம் எங்கே என்று குறிக்கும் ஸ்டாக் செக்மென்ட் ரெஜிஸ்டரை மாற்றியபின், அடுத்த கட்டளை முடியும்வரை இன்டரப்ட் (வேலையை இடைமறிக்கும் சைகை) காத்திருக்க வேண்டும். இந்தச் சிப்களில் காத்திருக்காது. அதனால்தான் ஐபிஎம் 8087 விற்றபோது கூடவே புது 8088 ஒன்றையும் கொடுத்தது. ஓட்டுவதற்கு மாற்றுச் சிப் போட வேண்டியிருந்தாலும், பழையதைச் சீட்டு எழுதிய கவரில் போட்டு அதே பெட்டிக்குள் வையுங்கள்.

386இலும் இப்படி ஒன்று. 1987இல் 32 பிட் பெருக்கலில் பிழை தெரிய வந்ததும், சோதனையில் தேறிய சிப்களுக்கு இரட்டை சிக்மா (ΣΣ) முத்திரையும், தேறாதவற்றுக்கு '16 பிட் சாப்ட்வேருக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் ஒரு முத்திரையும் விழுந்தன. சேகரிப்பவர்கள் தேடுவதே அந்த எழுத்தைத்தான். மையில் அச்சிட்ட எழுத்து அசிட்டோன் பட்டால் அழிந்துவிடும். மேல்பக்கத்துக்குக் காய்ந்த துணி போதும்.

கழற்றும் முறைக்கு வருவோம். பவர் கேபிளைப் பிடுங்கி, உடலின் நிலைமின்சாரத்தை இறக்கும், 1 மெகாஓம் ரெசிஸ்டர் உள்ள எர்த் பட்டையை மணிக்கட்டில் மாட்டி, சிப்பின் பிறை வெட்டு அல்லது புள்ளி எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். 40 கால் சிப்புக்கு மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். முனை சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே போக வேண்டும். பலர் சாக்கெட்டுக்கும் போர்டுக்கும் நடுவே விட்டு நெம்பி, அடியில் ஓடும் தடங்களை அறுத்துவிடுகிறார்கள். டார்ச் அடித்துப் பாருங்கள்: இரண்டு கோடுகள் தெரியும், மேல்கோடுதான் உங்களுடையது. ஒரு முனையில் ஒரு மில்லிமீட்டர், மறுமுனையில் ஒரு மில்லிமீட்டர் என்று மாறி மாறித் தூக்குங்கள். ஒரே பக்கமாக நெம்பினால் மறுமுனைக் கால்கள் மடங்கும். கறுத்த கால் என்றால் நிமிர்த்தும்போது முறிந்தே போகலாம்.

அடியில் ஊசிகள் (பின்) வரிசையாக உள்ள 386க்கும், நெம்புகோல் இல்லாத சாக்கெட்டில் உள்ள 486க்கும் நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி அதே போலத்தான். பீங்கான் விளிம்பில் உலோகத்தை அழுத்தினால் விளிம்பு பெயரும். அகலமான பிளாஸ்டிக் நெம்பி நல்லது. ஊசி வளைந்தால், எழுதும் குச்சியை எடுத்துவிட்ட 0.7 மில்லிமீட்டர் மைக்ரோடிப் பென்சிலின் முனையை அதில் மாட்டி, மெதுவாக ஒரே தடவையில் நிமிர்த்துங்கள். நெம்புகோல் சாக்கெட் என்றால் இவ்வளவு பாடில்லை: கோலைச் சற்று வெளியே தள்ளி, 90 டிகிரி தூக்கினால் சிப் கையில் வந்துவிடும். சதுரமான பிளாஸ்டிக் 286க்கு அதற்கென்றே உள்ள இடுக்கி வாங்கிவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் முயன்றால் சாக்கெட்டின் மூலை உடையும்.

ஈயத்தால் பற்றவைத்திருப்பதை எடுத்தே ஆக வேண்டும் என்றால், காப்பாற்றப்போவது சிப்பையா போர்டையா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். போர்டுதான் முக்கியம் என்றால் சிப்பின் கால்களை உடலோடு ஒட்டி வெட்டிவிட்டு, மிச்சக் கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவுவதே பாதுகாப்பு. சிப்தான் வேண்டும் என்றால் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) தடவி, ஒவ்வொரு காலிலும் புதிதாக 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) சேருங்கள். இது 183 டிகிரி செல்சியஸில் உருகும். பழசோடு கலந்து இளகவைக்கும். சால்டரிங் அயர்ன் 350 டிகிரி வாக்கில் இருக்கட்டும். கால் அசையும்போதே ஈயம் உறிஞ்சும் பம்பால் உறிஞ்சுங்கள். அடம்பிடிப்பவை பெரும்பாலும் கிரவுண்டும் பவரும்தான்: அகலமான செம்புப் பரப்போடு இணைந்திருப்பதால் சூடு அதில் இறங்கிவிடும். அங்கே அழுத்தி இழுக்காதீர்கள், தடம் உரிந்து வரும். மறுபடி ஈயம் சேர்த்து, மறுபடி உறிஞ்சுங்கள். எல்லாக் காலும் தனித்தனியே ஆடும்வரை நெம்ப வேண்டாம். போர்டோடு ஒட்டிய பிளாஸ்டிக் 386எஸ்எக்ஸுக்கு ஹாட் ஏர் (சூடான காற்றை ஊதும் கருவி) தான் வழி. உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் உடல் பிளக்கும். முன்னதாக 125 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தலாம்.

தங்கத்துக்காக அமிலத்தில் போடும் வேலை வேண்டவே வேண்டாம். நைட்ரிக் அமிலத்தில் எழும் பழுப்புப் புகை நுரையீரலைப் பிடிக்கும். ஒரு சிப்பில் உள்ள தங்கமோ மிகச் சொற்பம்.

கழற்றியதைக் கறுப்பு மின்கடத்தும் ஃபோமில் குத்தி, எதிர்-நிலைமின் கவரில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அந்த ஃபோமும் நிரந்தரமல்ல. வருடங்கள் போனால் பொடிந்து பிசுபிசுக்கும், கால்களையும் அரிக்கும். தொட்டால் விரலில் கறை ஒட்டுகிறதா, அன்றே மாற்றிவிடுங்கள்.