வேறு படித்தவர்களுக்கு மல்டிமீடியா புரோகிராமிங்: என் மாடி வகுப்பு நடக்கும் விதம்

நான் எம்.எஸ்சி. விலங்கியல். 2006-ல் மதுரையில் பள்ளிப் பாட சி.டி. தயாரித்த ஒரு சின்ன நிறுவனத்தில் படங்களைச் சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். போன முதல் வாரமே, தவளையின் இதயத்துக்கு நான்கு அறை வரைந்து வைத்திருந்ததைப் பிடித்தேன். தவளைக்கு மூன்றுதான். அந்த இதயத்தைத் துடிக்க வைத்துக்கொண்டிருந்த பையன் பாதியில் வேலையை விட்டுப் போனான், அசைவுப் படம் செய்யும் ஃப்ளாஷ் மென்பொருளும் அதற்குக் கோட் எழுதும் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்டும் என் தலையில் விழுந்தன. அப்படித்தான் கோட் எழுத வந்தேன்.

2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஃப்ளாஷைக் கைவிட்டது. எந்த மெனுவில் என்ன இருக்கும் என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் ஒரே ராத்திரியில் வீண். ஒரு பொருள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் (அசைவைக் காட்ட ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்கள்) எப்படி நகர்கிறது, எது எப்போது நினைவகத்தில் இருக்க வேண்டும் என்ற அறிவு மட்டும் தங்கியது. இப்போது மாலை ஆறரைக்கு வீட்டு மாடியில் ஆறேழு பேருக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பி.காம்., தாவரவியல், தமிழ் எம்.ஏ. என்று எல்லாரும் வருகிறார்கள். உங்கள் ஊரில் இப்படி ஒன்று தொடங்க நினைத்தால், நான் செய்வது இதுதான்.

முதல் நாள் எந்த மென்பொருளையும் இன்ஸ்டால் செய்ய வைக்காதீர்கள். பெரிய கேம் இன்ஜினை இறக்கி, அது பழைய லேப்டாப்பில் திணறி, இரண்டு நாள் அதிலேயே போனால் மூன்றாம் நாள் பாதிப்பேர் வரமாட்டார்கள். நான் பி5.ஜேஎஸ்ஸில் தொடங்குகிறேன். உலாவியின் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் படம் வரையவும் அசைக்கவும் உதவும் தொகுப்பு அது. உலாவியிலேயே எழுதலாம், உலாவியிலேயே ஓடும், இலவசம். கோடில் செட்அப் என்ற பகுதி ஒரு முறை நடக்கும், டிரா என்ற பகுதி திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருக்கும். முதல் வகுப்புக்கு இந்த இரண்டும் போதும்.

முதல் வாரப் பயிற்சி கோலம். ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளி. நடு வரிசையில் ஏழு, அதற்கு மேலும் கீழும் ஆறு, ஐந்து, நாலு. மொத்தம் 37 புள்ளி. கோலம் போட்டுப் பழகிய கைக்கு இதில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை) ஏற்கனவே இருக்கிறது. நடு வரிசையைப் பூஜ்யம் என்று வைத்தால் மேலே மைனஸ் மூன்று வரை, கீழே பிளஸ் மூன்று வரை. வரிசை எண்ணின் குறியை நீக்கிவிட்டு ஏழிலிருந்து கழித்தால் அந்த வரிசையின் புள்ளிக் கணக்கு வந்துவிடும். ஒவ்வொரு வரிசையும் அரைப் புள்ளி இடைவெளி தள்ளித் தொடங்கும். லூப்புக்குள் லூப், இவ்வளவுதான்.

பி.காம். படித்த பையன் ஒருவன் வாழ்க்கையில் கோலமே போட்டதில்லை. கோட் எழுதி, அழகாக வந்துவிட்டது என்று போனில் அம்மாவுக்குக் காட்டியிருக்கிறான். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கடைசி வரிசைய எங்கடா விட்ட?" என்றாராம். எண்ணிப் பார்த்தால் 33 புள்ளி. "மூன்று வரை" என்று எழுத வேண்டிய இடத்தில் "மூன்றைவிடக் குறைவாக இருக்கும் வரை" என்று எழுதியிருந்தான். லூப்பின் எல்லையில் ஒன்று குறைவது புரோகிராமர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. அவன் அதற்குப் பிறகு செய்ததில்லை. இதை விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் 1974-லேயே கோலத்தை வைத்து வரிசை இலக்கணம் (குறிகளை வரிசையாக அடுக்கிப் படம் உருவாக்கும் விதிகள்) பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். (புள்ளியியல்காரர் கோலப்புள்ளிக்கு வந்தது பொருத்தம்தான்.)

இரண்டாம் வாரம் மீன் நீந்த வேண்டும். எல்லாரும் முதலில் ஃப்ரேமுக்கு மூன்று பிக்சல் நகர்த்துவார்கள். விடுங்கள், நகர்த்தட்டும். பிறகு அதையே ஒரு பழைய போனில் ஓட்டிக் காட்டுங்கள். லேப்டாப்பில் வினாடிக்கு 60 ஃப்ரேம், 180 பிக்சல். போன் திணறி 20 ஃப்ரேம்தான் தந்தால் 60 பிக்சல், மீன் தவழும். இந்த இடத்தில் இயற்பியல் படித்தவர் யாராவது இருந்தால் அவரே சொல்லிவிடுவார்: தூரம் என்பது வேகம் பெருக்கல் நேரம். ஃப்ரேமை எண்ணாதே, கடந்த நேரத்தைக் கேள். பி5-இல் டெல்டாடைம் அதை மில்லி வினாடியில் தரும்.

படம் ஏற்றும் பாடத்துக்குத் தாவரவியல் படித்த பெண் உதவினாள், தெரியாமல். இலைகளைப் போனில் எடுத்து, பன்னிரண்டு படத்தை அப்படியே ஏற்றிவிட்டாள். ஒவ்வொன்றும் இரண்டு எம்.பி.தான், அப்புறம் ஏன் அக்கா பக்கம் அப்படியே செத்துப்போகிறது என்று கேட்டாள். கோப்பு இரண்டு எம்.பி. என்பது சுருக்கி மடித்த அளவு. விரித்தால் 4000 பெருக்கல் 3000 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட், ஆக 48 எம்.பி. பன்னிரண்டு படத்துக்கு 576. "பீரோல மடிச்ச சேலை, கட்டிலில் விரிச்ச சேலை" என்றேன், உடனே புரிந்தது. எல்லாப் படத்தையும் 800 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துக்கொண்டு வந்தாள்.

எனக்கே பாடம் எடுத்தது தமிழ் எம்.ஏ. படித்த பெண். அவளுக்குக் கொடுத்த வேலை, ஒரு பழமொழி திரையில் எழுத்து எழுத்தாகத் தோன்ற வேண்டும். "உறுமீன் வருமளவும் வாடியிருக்குமாம் கொக்கு" என்று எடுத்துக்கொண்டாள். ஓடவிட்டால் எழுத்துகள் வெட்டி வெட்டி வந்தன. "கொக்கு" என்பதில் நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் லெங்த் (நீளம்) கேட்டால் ஆறு என்கிறது. அது "க" என்று காட்டி, பிறகு அதைக் "கொ" ஆக்கி, அடுத்துக் "கொக" என்று காட்டி, அதற்கப்புறம்தான் புள்ளி வைக்கிறது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இலக்கணத்துல மெய்தான் முதல், அது மேல அகரம் ஏறினா க. இவங்க க-வை முதலாக்கி, புள்ளி வைச்சு மெய்யாக்குறாங்க. தலைகீழா இருக்கு" என்றாள். கணினியில் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு, தமிழை எப்படி வைத்திருக்கிறது என்பதை நான் பத்து வருடத்தில் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. தீர்வு, எழுத்துச் சரத்தை நேராக வெட்டாமல், ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்டல் செக்மென்டர் என்ற கருவியிடம் கொடுத்து எழுத்துத் தொகுதிகளாகப் பிரித்து வாங்குவது. குரோமில் 2020-லிருந்து இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் 2024-ல்தான் வந்தது. தமிழில் ஆப் செய்யும் எந்த இடத்துக்குப் போனாலும் இது தெரிந்தவருக்கு மரியாதை உண்டு.

இங்கேதான் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: படித்த படிப்பை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்லாதீர்கள். "மூணு வருஷம் வேஸ்ட் அக்கா" என்று சொல்லிக்கொண்டுதான் எல்லாரும் வருகிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவனோடு கோட் வேகத்தில் இவர்கள் போட்டி போட்டால் தோற்பார்கள். தவளைக்கு எத்தனை அறை என்று தெரிந்தவள் கோட் எழுதவும் செய்தால், அந்த இடத்துக்கு ஆள் குறைவு. சென்னையிலும் கோவையிலும் மின்வழிக் கல்வி நிறுவனங்கள் இப்படிப்பட்டவர்களைத்தான் தேடுகின்றன. அங்கே போகிறவர்களுக்கு ஸ்கார்ம் (மின்வழிப் பாடத்தைக் கற்றல் தளங்களில் ஏற்றுவதற்கான பொதுத் தரம்) பொதி கட்டவும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். 1.2 பதிப்பு 2001-ல் வந்தது, இன்னும் அதைக் கேட்கிறார்கள்.

மூன்றாம் மாதம் ஒரே ஒரு பெரிய கருவியை எடுக்கச் சொல்கிறேன். கேம் பக்கம் என்றால் யூனிட்டி இன்ஜினும் அதற்கான சி ஷார்ப் மொழியும், அல்லது கோடோ இன்ஜின். இணையம் என்றால் உலாவியில் முப்பரிமாணம் காட்டும் த்ரீ.ஜேஎஸ். வேலை விளம்பரங்களில் யூனிட்டிதான் அதிகம் கண்ணில் படுகிறது. ஆனால் 2023 செப்டம்பரில் இன்ஸ்டாலுக்கு இன்ஸ்டால் கட்டணம் என்று அவர்கள் அறிவித்து, ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பெற்றதையும் சொல்லிவைப்பேன். ஃப்ளாஷில் சூடுபட்டவள் நான். தமிழ் எழுத்து நிறைய வரும் வேலை என்றால் கோடோ 4 என் தேர்வு, கொம்பும் காலும் ஒழுங்காக இருக்கிற இடத்தில் இருக்கும். எழுதிய கோட் எப்படியெல்லாம் மாறியது என்று பதிந்து வைக்கும் கிட் (Git) பழக்கத்தை இதற்கு முன்பே, முதல் மாதமே ஏற்றிவிடுங்கள். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை, தினமும் செய்தால் வரும்.

சான்றிதழ் நான் கொடுப்பதில்லை. என்னிடம் வந்த ஒருத்தி அதற்கு முன் ஒரு மையத்தில் நாற்பதாயிரம் கட்டி மூன்று சான்றிதழ் வாங்கியிருந்தாள். ஒரு பந்தைத் திரையோரத்தில் மோதித் திரும்ப வைக்கச் சொன்னேன், தெரியவில்லை. எந்த மெனுவில் என்ன இருக்கிறது என்று மட்டும் கடகடவென்று சொன்னாள், பழைய என்னைப் போலவே. பதிலாக மூன்று வேலை கேட்கிறேன். மூன்றும் முடிந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடக் கூடியதாக இருக்க வேண்டும், ஒன்றாவது தன் பட்டப்படிப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். பி.காம். பையன் செய்தது வட்டிக் கணக்கு: மாதத் தவணை கட்டக் கட்ட அசல் ஒரு தொட்டியில் தண்ணீர் போல வடியும். முதல் வருடங்களில் தொட்டி எவ்வளவு மெதுவாக வடிகிறது என்று பார்த்துவிட்டு, இன்டர்வியூ எடுத்தவர் தன் வீட்டுக் கடன் தொகையைப் போட்டுப் பார்த்தாராம்.

ஆறு மாதம் ஆகும். வேலைக்குப் போய்க்கொண்டே வருகிறவர்களுக்கு ஒன்பது. நான்காம் மாதம் ஒரு சோர்வு வரும், அப்போது புதிதாக எதுவும் நடத்தாமல் பழைய மீனையும் கோலத்தையும் திரும்ப எடுத்து அழகாக்கச் சொல்லுங்கள். தாங்கள் முன்பு எழுதிய கோட் பார்த்துச் சிரிப்பார்கள். அது போதும், அடுத்த மாதம் ஓடிவிடும்.

இன்டர்வியூவுக்கு முன்னால் ஒன்று. உலாவிகள் பயனர் எதையாவது தொடும் வரை ஒலியை விடுவதில்லை. என் மாணவி ஒருத்தி பறவைக் குரல் வேலையைக் காட்டப்போய், எல்லாப் பறவையும் ஊமையாகிவிட்டது. வீட்டில் எழுதும்போது எங்கேயாவது கிளிக் செய்துகொண்டே இருந்ததால் அவள் கவனித்ததே இல்லை. இப்போது எல்லாருடைய வேலையிலும் முதல் திரையில் பெரிதாக "தொடங்கு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டுத்தான் பேச ஆரம்பிக்க வேண்டும் என்று மாடிப்படியில் இறங்கும் வரைக்கும் சொல்லி அனுப்புகிறேன்.