பிரிட்டனில் காதில் விழும் அருவருப்புச் சொற்களும் அன்றாட வசவுகளும்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பாடப்புத்தகத்தில் கற்ற ஆங்கிலம், பிரிட்டனுக்குப் படிக்க வருபவர்களுக்கு வகுப்பறை வரையில் துணை நிற்கும். பலர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டின் சமையலறையில் அது போதாது. நான் வந்த முதல் வாரத்தில், தொட்டியோரம் பழுப்பேறிக் கொழகொழத்துக் கிடந்த பாத்திரம் தேய்க்கும் பஞ்சை, உடன் குடியிருந்த பெண் இரண்டு விரல்களால் தூக்கி, "மிங்ஙிங்!" என்று சொல்லிக் குப்பையில் போட்டார். அவர் பஞ்சைச் சொன்னாரா, அதைப் பயன்படுத்திய என்னைத் திட்டினாரா என்று விளங்காமல் அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன். அந்தக் கலக்கம் உங்களுக்கு வர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதற்படி: சொல் பொருளைக் குறிக்கிறதா, ஆளைக் குறிக்கிறதா என்று பாருங்கள்.

'மிங்ஙிங்' ஸ்காட்லாந்துப் பேச்சிலிருந்து வந்த சொல்; அங்கே 'மிங்' என்றால் துர்நாற்றம். 'அங்ஙனம்' என்பதில் வரும் ஙகரத்தைப் போல ஒலிக்க வேண்டும். ககரத்தைச் சேர்த்தால் பிழையாகிவிடும். அழுக்கேறிய காலுறைக்கும் தரைவிரிப்புக்கும் 'மேங்கி' என்பார்கள். பராமரிப்பில்லாத வாடகை அறை 'கிராட்டி'. 'குரோட்டெஸ்க்' என்பதன் சுருக்கமான இச்சொல் 1964இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' திரைப்படத்தால் பரவியது.

நம்மவரை மிகவும் குழப்புவது 'ரேங்க்'. தேர்வில் வாங்கும் ரேங்க்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. கெட்டுப்போன பாலை முகர்ந்தவர் "ரேங்க்" என்றால், குடலைப் புரட்டும் நாற்றம் என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் செருக்கையும் வலிமையையும் குறித்த சொல், பின்னர் மிதமிஞ்சிய செழிப்பைக் குறித்து, கடைசியில் துர்நாற்றத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் நறுமணத்தையும் சுட்டிய நம் 'நாற்றம்' அடைந்த கதியை நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

இரண்டாம் படி: ஆளைத் தொடும் சொற்களைத் தனியே எழுதி வையுங்கள்.

பஞ்சை 'மிங்ஙிங்' என்பதால் யாருக்கும் வருத்தமில்லை; ஒருவரை 'மிங்ஙர்' என்பது அவருடைய தோற்றத்தை இழிவுபடுத்துவதாகும். இதைப் புரிந்துகொள்ளுங்கள், ஒருபோதும் சொல்லாதீர்கள்.

'பிராட்', 'பில்லக்', 'பிளாங்கர்', 'நம்ப்டி', 'மப்பெட்' ஆகிய எல்லாமே ஏறக்குறைய 'மடையன்' என்பதுதான். ஆயினும் பிராட் முன்பு பிட்டத்தையும், பில்லக்கும் பிளாங்கரும் ஆணுறுப்பையும் குறித்தவை. 1981இல் பிபிசியில் தொடங்கிய 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்' தொடரில் அண்ணன் தம்பியை ஓயாமல் பிளாங்கர் என்று அழைத்ததால், அது வீட்டுக்கூடத்தில் புழங்கும் சொல்லாகிவிட்டது. அதே 'மடையன்' பொருள் தரும் 'பர்க்' என்பதோ லண்டன் எதுகைக் கொச்சையில் பிறந்தது; ஒரு வேட்டைக் குழுவின் பெயரை, அதனோடு எதுகை சேரும் மிகக் கெட்ட சொல்லுக்கு மறைப்பாக வைத்து, பின்பு அதையும் சுருக்கிவிட்டார்கள். இன்று அதைச் சொல்லும் பலர் மூலத்தை அறியாமலே சொல்கிறார்கள்.

மூன்றாம் படி: சொல்லின் கடுமையை இடத்தோடு சேர்த்து எடைபோடுங்கள்.

ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அற்பமான எரிச்சலூட்டும் ஆளைக் குறிக்கும் 'கிட்' மென்மையான வசவுகளின் வரிசையில் இருக்கிறது. அதே சொல், அவையில் சொல்லத் தகாதது என நாடாளுமன்ற அவைத்தலைவர்கள் ஆட்சேபித்த சொற்களுள்ளும் ஒன்று. ஆகவே, மதுக்கூடத்தில் கேட்டதை அலுவலக மின்னஞ்சலில் எழுதிவிடாதீர்கள்.

நான்காம் படி: குரலையும் முகத்தையும் கவனியுங்கள்.

ஒருநாள் குடையில்லாமல் நனைந்து வந்து நின்ற என்னைப் பார்த்து, பக்கத்து வீட்டு மூதாட்டி "யூ டாஃப்ட் திங்" என்று கடிந்துகொண்டே ஒரு துண்டை எடுத்து நீட்டினார். 'டாஃப்ட்' என்றால் அறிவற்ற என்று அகராதி சொல்லும். ஆனால் அவர் சொன்னதில் இருந்தது, நம் வீட்டில் அத்தை "அடி லூசு, தலையைத் துவட்டு" என்று சொல்லும்போது இருக்கும் அதே பரிவு.

ஐந்தாம் படி: முதல் சில மாதங்கள் கேட்பதோடு நில்லுங்கள்.

கேட்ட சொல், சொன்னவர், சொல்லப்பட்டவர், அதன்பின் அவர் முகம் மாறிய விதம் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பிறகு பேசத் தொடங்கும்போது பழைய பாலையும் அழுக்குக் காலுறையையும் மட்டும் திட்டிப் பழகுங்கள். ஆளைக் குறிக்கும் சொற்களை, அதே சொல்லால் உங்களைப் பலமுறை சிரித்தபடி அழைத்த நண்பரிடம் மட்டும் பயன்படுத்துங்கள்.